வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: மேடையில் சொன்ன சிறு பொய்

கேள்வி: எங்கள் பகுதிக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர், சிறுவயதில் பள்ளி விட்டு வந்ததும் இருட்டும்வரை அப்பாவோடு ரப்பர் பால் வெட்டித்தான் படித்து முன்னேறியதாக மேடையில் உருகிப் பேசினார். அவருடையது கடை வைத்து வசதியாக இருந்த குடும்பம் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். "இதெல்லாம் ஒரு பொய்யா? ரோடு போட்டுத் தருவாரா என்று மட்டும் பாருங்கள்" என்கிறார் என் மைத்துனர். இப்படிப்பட்ட சின்னப் பொய்யை வைத்து ஒருவருடைய குணத்தை எடை போடலாமா? வாக்காளர்கள் இதைப் பொருட்படுத்துகிறார்களா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் ஊரில் பால்வெட்டு எப்போது நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்பே தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். சிரட்டையில் சொட்டி நின்ற பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கும் வேலை அதற்குப் பிறகு. பள்ளி விட்டு வந்து மாலையில் பால் வெட்டிய பையனை உங்கள் மலையோரத்தில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் பொய் சொன்னார் என்பதைக் காட்டிலும், ரப்பரை நம்பிப் பிழைக்கும் ஊரில் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கேட்பவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அலட்சியம் அதில் இருக்கிறது.

தன் நோயையோ குடும்பத்துச் சச்சரவையோ ஒருவர் மறைத்தால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. வெறும் பெருமைக்காக அளந்து விடுவதும் பெரும்பாலும் அதோடு முடிந்துபோகும். 2012-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பால் ரையன், தாம் ஒரு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்ததாக வானொலிப் பேட்டியில் சொன்னார். ஓட்டக்காரர்களுக்கான இதழ் ஒன்று 1990-ஆம் ஆண்டுப் பதிவைத் தேடிப் பார்த்தபோது, அவர் எடுத்துக்கொண்டது நான்கு மணி நேரத்துக்கும் சற்று அதிகம் என்று தெரிந்தது. அவரும் தவறாகச் சொன்னதை ஒப்புக்கொண்டார். நான்கு பேர் சிரித்ததோடு சரி. பிற்பாடு 2015-இல் அவர் பிரதிநிதிகள் சபையின் தலைவராகவே ஆனார்.

அதே சபைக்கு 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜார்ஜ் சான்டோஸின் கதை வேறு. படிக்காத கல்லூரியில் பட்டம் பெற்றதாகவும், வேலை பார்க்காத பெரிய நிதி நிறுவனங்களில் வேலை பார்த்ததாகவும் அவர் சொல்லியிருந்தார். அவருடைய சொத்துக் கணக்கைப் பற்றி உள்ளூர் வார இதழ் ஒன்று தேர்தலுக்கு முன்பே சந்தேகம் கிளப்பியும் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (சிற்றூர் இதழ்களை நடத்துகிறவர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்காது.) பிறகு சபையின் ஒழுங்குக் குழு விசாரித்தபோது தேர்தல் நிதியிலேயே முறைகேடு இருந்தது வெளிப்பட்டு, 2023 டிசம்பர் 1-ஆம் தேதி 311 பேர் ஆதரித்தும் 114 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, அவர் வெளியேற்றப்பட்டார்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, சின்னப் பொய் சொல்கிறவரெல்லாம் பணத்திலும் கைவைப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் பிடிபட்டபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: திருத்திக்கொள்கிறாரா, மழுப்புகிறாரா, கேட்டவர் மேலேயே பாய்கிறாரா? இன்னொன்றும் உண்டு. மாரத்தான் பெருமையில் யாருடைய பங்கும் பறிபோகவில்லை. பால் வெட்டிப் படித்தேன் என்பவரோ, உண்மையிலேயே அப்படிப் படித்த பிள்ளைகளின் பாட்டைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். அதை நான் சின்னது என்று ஒதுக்க மாட்டேன்.

வாக்கு மாறுமா என்றால், பெரும்பாலும் மாறாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் கட்சி, கூட்டணி, மதம், சாதி, வேட்பாளரின் சொந்த ஊர் ஆகியவை பார்க்கப்பட்ட பிறகுதான் மேடைப்பேச்சின் முறை வரும். தம் கட்சிக்காரர் சொன்னால் வாய்தவறியது, எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் பித்தலாட்டம் என்று எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். விளைவு தெரிவது பிறகு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின், காணாமல்போன மீனவர்களின் எண்ணிக்கையை அரசுத் தரப்பு ஒன்றாகவும் கடற்கரை ஊர்கள் வேறாகவும் சொல்லிக்கொண்டிருந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மக்கள் பிரதிநிதி வந்து "மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டது" என்று சொன்னால், அதை நம்பி வீட்டுக்குப் போவதா, சாலையில் உட்காருவதா என்பதை அவருடைய பழைய பேச்சுகளை வைத்துத்தான் மக்கள் முடிவு செய்வார்கள். போட்ட ரோட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதிகாரிகளோடு மூடிய அறையில் பேசியதை அவர் சொல்லித்தானே நாம் அறிய வேண்டும்? உங்கள் மைத்துனரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: ஏழைப் பிள்ளை, மண்ணின் மைந்தன் என்றெல்லாம் சொல்லாவிட்டால் இங்கே ஜெயிக்க முடியாதா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: உறுப்பினராக இருந்த நேசமணியின் மறைவால் 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, 1967-இல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றிருந்த காமராஜர் இங்கு வந்து நின்று வென்றார், 1971-லும் வென்றார். வெளியூர்க்காரர் என்பதையோ பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்தியவர் என்பதையோ அவர் மறைக்கவில்லை.

கேள்வி: இத்தகைய பொய்களுக்குச் சட்டத்தில் தண்டனை உண்டா? அம்பலப்படுத்தினால் நம்மீது வழக்கு வருமா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், குற்ற வழக்கு, கல்வித் தகுதி ஆகியவை கேட்கப்படுகின்றன. அதில் தெரிந்தே பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கல்வித் தகுதியைப் பொய்யாகக் காட்டியதற்காக, டெல்லியின் முன்னாள் சட்ட அமைச்சர் ஜிதேந்தர் சிங் தோமரின் 2015-ஆம் ஆண்டு வெற்றி செல்லாது என்று 2020 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் அளக்கும் சுயபுராணம் இந்தப் பிரிவுக்குள் வராது.

வேடிக்கை என்னவென்றால், எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட குணநலனைப் பற்றி ஒரு வேட்பாளரோ அவர் சம்மதத்துடன் வேறொருவரோ பொய்யென்று தெரிந்தே ஒன்றைப் பரப்பினால், அது அதே சட்டத்தின் 123(4) பிரிவின்படி முறைகேடான செயல். அதனால் தேர்தலே செல்லாமல் போகலாம். தன்னைப் புகழ்ந்து சொல்லும் பொய்க்கு அப்படி ஏதுமில்லை. ஆகவே அம்பலப்படுத்த நினைப்பவர்கள், அவர் பேசிய வீடியோவையும் அதற்கு எதிரான ஆதாரத்தையும் மட்டும் வெளியிடட்டும். கோபத்தில் சொந்தச் சரக்கு ஏதும் சேர்த்தால், அவதூறு வழக்கில் அலைய வேண்டியவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.