வெள்ளை வானத்தில் கறுப்பு இருவாச்சி

ஐயா, வணக்கம். பினாங்கின் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் இருவாச்சி ஒன்று உச்சிக்கிளையில் உட்கார்ந்திருந்தது. மேகமூட்டம், பின்னால் வெள்ளை வானம். ஷட்டர் 1/2000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, கேமரா திருத்தாமல் பதியும் ரா கோப்பு. பறவை வெறும் நிழலாக விழுந்தது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஷேடோஸை (இருண்ட பகுதிகளின் வெளிச்சம்) 100 வரை ஏற்றினேன். உடல் சாம்பலாகிப் புள்ளி புள்ளியாக வந்தது. சுற்றிலும் வெள்ளைக் கோடு, கிளை ஓரத்தில் ஊதா. படம் தேறுமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள வாசகிக்கு,

தேறும். வானத்தை மட்டும் மறந்துவிடுங்கள். முழுதும் வெளுத்த இடத்தில் ஹைலைட்ஸை (பளிச்சென்ற பகுதிகளின் வெளிச்சம்) இழுத்தால் மேகம் வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும்.

ஷேடோஸை 0-க்குத் திருப்புங்கள். முதல் வேலை, புள்ளிகளைக் குறைக்கும் டீநாய்ஸ். 50-இல் தொடங்கி, இறகு மெழுகுபோல் வழவழப்பாகும் முன்பே நிறுத்திவிடுங்கள். பிறகு பறவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அங்கே மட்டும் விழும்படி தேர்ந்து) எக்ஸ்போஷர் என்னும் மொத்த வெளிச்சம் +1, ஷேடோஸ் +30. உடனே பிளாக்ஸை (மிக இருண்ட பகுதிகளின் அளவு) -10, -15 என இறக்குங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருவாச்சியின் உடல் கறுப்பு, படத்திலும் அது கறுப்பாகவே இருக்க வேண்டும். சிறகின் மடிப்பு பிரிந்து தெரிந்தால் போதும். வயிற்று வெள்ளை மிஞ்சினால் அதே மாஸ்க்கில் ஹைலைட்ஸ் -30.

வெள்ளைக் கோடு ஷேடோஸை அளவுமீறி ஏற்றியதால் வந்தது: இருட்டுக்குத் தந்த வெளிச்சம் ஓரம் தாண்டிக் கசிகிறது. மாஸ்க்கும் கசியும், குறிப்பாக அலகின் மேலுள்ள கொண்டையிலும் கிளை இடுக்கிலும். 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்து, வானத்தில் வழிந்ததை பிரஷ்ஷால் கழியுங்கள். ஓரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி வேண்டாம், கோட்டை அது இன்னும் தடிப்பாக்கும்.

ஊதாவுக்கு, ஓர நிறத்தை நீக்கும் டீஃபிரிஞ்ச். கிளை ஓரத்து ஊதாவில், நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் ஐட்ராப்பரை வைத்துச் சொடுக்குங்கள். நிற எல்லையைக் குறுக்கியே வையுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள தோல் இயல்பாகவே நீலம் கலந்த வெள்ளை, அதுவும் வெளிறிவிடக்கூடாது. கூர்மையூட்டும் ஷார்ப்பனிங் கடைசியில். ஆல்ட் விசையை அழுத்தியபடி அதிலுள்ள மாஸ்க்கிங்கை நகர்த்துங்கள். முன்னோட்டத்தில் வானம் முழுக்கக் கறுப்பாகத் தெரியும்வரை ஏற்றினால் கூர்மை வானத்தில் விழாது.

புள்ளிகளின் வேர் எடிட்டிங்கில் இல்லை, பறவையிலிருந்து வந்த ஒளி போதவில்லை. 1/2000 பறக்கும் பறவைக்கு. உட்கார்ந்திருப்பதற்கு 1/500 கொடுங்கள், நான்கு மடங்கு ஒளி சென்சாரில் விழும். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டால் கேமரா அதைக் குறைத்து மறுபடி இருட்டாக்கும், 800-லேயே நிறுத்துங்கள். வானம் இன்னும் வெளுக்கும். வெளுக்கட்டும்.