கொரங்காட்டுப் படங்கள் நெளிவது லென்ஸால் அல்ல

வணக்கம் நண்பரே. மே மாதம் காங்கேயம் பக்கம் கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், காலை பத்து மணிக்கு மேல் எடுத்த மஞ்சள் மூக்கு ஆள்காட்டிப் பறவையின் படங்கள் எல்லாம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி நெளிகின்றன, 600 மி.மீ. லென்ஸை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், அது கானல். சுட்ட தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. தூரம் கூடக் கூட நெளிவும் கூடும், ஷட்டர் வேகத்தை ஏற்றினாலும் சரியாகாது.

விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். காரைக் கிளுவை வேலியோரம் நிறுத்தி உள்ளேயே இருந்தால் கௌதாரியும் வானம்பாடியும் தாமே பக்கத்தில் வரும். ஏசியை முன்பே அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உள்ளே குளிர்ந்தும் வெளியே சூடாகவும் இருந்தால் ஜன்னலிலேயே படம் கலங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆள்காட்டி உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் முட்டை இருந்திருக்கும். வெறும் தரையில், மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு, பெரும்பாலும் நான்கு. மிதித்த பிறகுதான் தெரியும். வெயிலில் தாய்ப்பறவை வயிற்று இறகை நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கும். நாம் அங்கேயே நின்றால் முட்டை வெந்துவிடும். கத்தல் கேட்டதுமே வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

கொரங்காடு தனியார் மேய்ச்சல் நிலம். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள், படலைச் சாத்த மறக்காதீர்கள்.