வாசகர் கேள்வி நேரம்: எண்களில் காட்டும் வோல்ட்மீட்டர்

கேள்வி: மின்னழுத்தத்தை எண்களில் காட்டும் எளிய வோல்ட்மீட்டர் ஒன்றை நானே செய்ய விரும்புகிறேன். நண்பர்கள் ஆர்டுவினோ என்ற நிரலிடக்கூடிய சிறு மின்னணுப் பலகை போதும் என்கிறார்கள். எங்கள் ஆய்வக உதவியாளரோ மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும் 7107 ஐ.சி.யை வாங்கச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? அது எப்படி அளக்கிறது?
– பாலிடெக்னிக் மாணவர், கரூர்

பதில்: வேலை ஆனால் போதும் என்றால் இரண்டுமே வேண்டாம், கடையில் தயாராகக் கிடைக்கும் பேனல் மீட்டர் உதிரிப் பாகங்களின் மொத்த விலையைவிட மலிவு. அளவீடு என்பது என்னவென்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஆய்வக உதவியாளர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆர்டுவினோ ஊனோவில் உள்ள, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் மாற்றி 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள எல்லையை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஆகவே ஒரு படிக்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். அதைவிடப் பெரிய குறை, நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை அது யு.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட்டையே அளவுகோலாகக் கொள்வதுதான். அந்த 5 வோல்ட் 4.8 ஆகக் குறைந்தால், அளக்கப்படும் பேட்டரியில் எந்த மாற்றமும் இல்லாமலேயே திரையில் எண் கூடிவிடும்.

இன்டர்சில் நிறுவனம் உருவாக்கிய ஐ.சி.எல். 7107 வேறு வழியில் அளக்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று தெரியாத குழாயை ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் பானையில் திறந்துவிட்டு, பிறகு அந்தத் தண்ணீரை உழக்கால் முகந்து, எத்தனை உழக்கு என்று எண்ணுவதைப் போன்றது அது. அளக்க வேண்டிய மின்னழுத்தம் 1000 எண்ணிக்கை நேரத்துக்கு ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது; அதன்பின் நமக்குத் தெரிந்த ஒப்பீட்டு மின்னழுத்தம் அதே மின்தேக்கியை வெறுமையாக்கும்வரை ஐ.சி. எண்ணிக்கொண்டிருக்கிறது. திரையில் தெரிவது அந்த எண்ணிக்கைதான். ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.000 வோல்ட் என்றால் 1.999 வோல்ட் வரை காட்டும். அதற்கு மேல் போனால் முன்னால் உள்ள 1 மட்டும் எரிந்து மற்ற மூன்று இலக்கங்களும் அணைந்துவிடும்.

பானை பெரிதா சிறிதா என்பது இந்த முறையில் பொருட்டே இல்லை. நிரப்புவதும் முகப்பதும் அதே பானையில்தானே. ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும் புது மண்பானையாக இருக்கக் கூடாது. ஐ.சி.யின் 27-ஆம் காலில் (பின்) வரும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி பாலிபுரொப்பிலீன் வகையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பீங்கான் மின்தேக்கி வாங்கிய மின்னூட்டத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லத் திருப்பித் தரும், கணக்கு பிசகிவிடும்.

உழக்கு, அதாவது ஒப்பீட்டு மின்னழுத்தம், மட்டும் சரியாக இருந்தாக வேண்டும். அதனால் உங்களிடம் இருக்கும் பணத்தைத் திரையில் செலவிடாமல், எல்.எம். 385 போன்ற 1.2 வோல்ட் ஒப்பீட்டு ஐ.சி.யிலும், அதை 1.000 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ள உதவும் பல சுற்றுப் பிரிசெட்டிலும் (திருகி மாற்றும் மின்தடை) செலவிடுங்கள். டிஸ்ப்ளே, எல்.இ.டி. கோடுகளின் நேர்முனைகள் ஒன்றாக இணைந்த பொது ஆனோடு வகையாக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் அவசரத்தில் கேட்டால் பொது கேத்தோடு கைக்கு வந்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் பற்றவைத்த பின் 37-ஆம் காலை நேர்மின் 5 வோல்ட்டுடன் ஒரு கணம் தொட்டால் –1888 என்று எல்லாக் கோடுகளும் எரிய வேண்டும். அடுத்து உள்ளீட்டுக்கான 31-ஆம் காலையும் ஒப்பீட்டு மின்னழுத்தத்துக்கான 36-ஆம் காலையும் சேர்த்துப் பிடித்தால் 1000 தெரியும். ஓர் எண் முன்பின் இருக்கலாம். இந்த 1000-ஐக் கண்டு அளவீடு சரியாகிவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். உழக்கை அதே உழக்கால் அளந்திருக்கிறீர்கள். உழக்கு தவறாக இருந்தாலும் 1000 என்றுதான் வரும். நம்பகமான மல்டிமீட்டரை அருகில் வைத்து, 1.5 வோல்ட் செல் ஒன்றை இரண்டிலும் அளந்து, பிரிசெட்டைத் திருகிய பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியும்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்காக 7107 வைத்து மீட்டர் செய்தேன். உள்ளீட்டில் 9 மெகா ஓம், 1 மெகா ஓம் மின்தடைகளைக் கொண்டு பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறேன். கடைசி இலக்கம் நிற்காமல் ஆடுகிறது. அத்துடன், போட்டு அரை மணி நேரத்தில் எண்ணே நகர்ந்துவிடுகிறது. ஐ.சி. பழுதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐ.சி.யின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் இரண்டு குறைகளுக்கும் இரண்டு தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். 10 மெகா ஓம் உள்ளீட்டில் நீளமான கம்பிகள் அதை எளிதாக வாங்கிக்கொள்ளும். நிரப்பும் நேரம் 50 ஹெர்ட்ஸின் முழுச் சுற்றுகளாக அமைந்தால், இரைச்சலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும். பரவலாகப் புழங்கும் 48 கிலோ ஹெர்ட்ஸ் மின்சுற்று அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குப் பொருந்துவது. அங்கே நிரப்பும் நேரம் சரியாக ஐந்து சுற்றுகள், நம் மின்சாரத்திலோ நான்கும் சொச்சமும். ஆகவே 38, 39, 40-ஆம் கால்களில் உள்ள, ஐ.சி. எண்ணும் வேகத்தைத் தீர்மானிக்கும் அலையியற்றியில், 100 கிலோ ஓம் மின்தடையுடன் 22 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றைத் தொடராகச் சேர்த்து 40 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது நிரப்பும் நேரம் 100 மில்லிசெகண்ட், அதாவது நம்முடைய ஐந்து முழுச் சுற்றுகள். 31-ஆம் காலுக்கு முன் 1 மெகா ஓம், 0.01 மைக்ரோஃபாரட் வடிகட்டி இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண் நகர்வதற்குக் காரணம் வெப்பம். 32-ஆம் காலில் கிடைக்கும் உள் ஒப்பீட்டு மின்னழுத்தத்தையே பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்த ஐ.சி. எல்.இ.டி. கோடுகளின் மின்னோட்டத்தையும், கோட்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் வீதம், தானே சுமக்கிறது. 1000 என்று காட்டும்போது 20 கோடுகள் எரிகின்றன, 1111 என்றால் எட்டே எட்டு. காட்டும் எண்ணைப் பொறுத்து ஐ.சி.யின் சூடும், சூட்டைப் பொறுத்து ஒப்பீட்டு மின்னழுத்தமும் மாறுகின்றன. நான் முதலில் செய்த மீட்டரை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டு, கோடைக்காலம் முழுவதும் பேட்டரியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஒப்பீட்டை வெளி ஐ.சி.க்கு மாற்றுங்கள், டப்பாவில் காற்றுத் துளைகள் இடுங்கள், 5 வோல்ட் தரும் 7805-க்குச் சிறிய வெப்பத் தகடு பொருத்துங்கள்.

கேள்வி: இதே மீட்டரில் 230 வோல்ட்டை அளக்கலாமா?
– பள்ளி மாணவர், விருதுநகர்

பதில்: இப்போதைக்குக் கூடாது. 230 என்பது மாறுமின்னோட்டத்தின் பயனுறு அளவு. உச்சத்தில் அது ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும். நேர்மின்னோட்டத்துக்காகச் செய்த இந்த மீட்டரில் மாறுமின்னோட்டத்தை அப்படியே இணைத்தால் பூச்சியத்தை ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் இல்லை என்று நம்பி யாராவது கம்பியைத் தொட்டுவிடலாம். 9 வோல்ட் பேட்டரியிலும் பழைய செல்களிலும் பழகுங்கள்.