சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு மூளையைத் தூண்டும் சிகிச்சை பலன் தருமா?

வலி காலில், வைத்தியம் தலையிலா என்று சிரிப்பு வரலாம். ஆனால் ராத்திரி போர்வை உரசினாலே பாதம் தீயாய் எரிகிறதென்றால், கெட்டுப்போன நரம்பு அனுப்பும் தவறான தகவலை மூளையும் பெரிதுபடுத்துகிறது என்று அர்த்தம். அதனால்தான் உடலசைவை இயக்கும் மூளைப் பகுதியைத் தூண்டி வலியை அடக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு முறையில், உப்புநீரில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்து 2 மில்லிஆம்பியர் மின்சாரம், 20 நிமிடம். பெரும்பாலும் லேசாக அரிக்கும், அவ்வளவுதான். இன்னொன்றில், காந்தத் துடிப்புகளை அனுப்பும் கம்பிச் சுருளைத் தலைமேல் வைப்பார்கள். 2008-இல் அமெரிக்காவில் மனச்சோர்வு சிகிச்சைக்காக அனுமதி பெற்றது இந்த இரண்டாவது முறைதான்.

சிலருக்கு வலி குறைகிறது. ஆனால் பல நாள் தொடர்ந்து போகவேண்டும் (அலைச்சல்தான்!), நரம்பும் இதனால் குணமாகாது. என்னைக் கேட்டால் முதலில் சர்க்கரைக் கட்டுப்பாடு, பிறகு பிரீகாபலின், டுலோக்செடின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள்; அதற்கும் அடங்காவிட்டால் இதை யோசிக்கலாம். வலிப்பு உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் வைத்தவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.