பூனைக்குப் பாம்பு விஷம் ஏறாது என்பது உண்மையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில், அதுவும் சில்வர்கிளென் காட்டை ஒட்டி வீடு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏறும். ஆனால் நாயைவிடப் பூனை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் கொடிய விஷமுள்ள கிழக்குப் பழுப்புப் பாம்பு கடித்து, விஷமுறிவு மருந்து போடாத பூனைகளில் 66% பிழைத்தன. நாய்களில் 31% தான். அந்த விஷம் பூனையின் ரத்தத்தை மெதுவாகவே உறைய வைக்கிறது என்பது ஒரு காரணம்.

இன்னொன்று, சண்டை போடும் விதம். நாய் மூக்கை நீட்டிக்கொண்டு நேரே பாயும், கடி முகத்தில் விழும். பூனையோ முன்னங்காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். பாம்பு தலையை வீசி ஓய்ந்த நொடியில்தான் பிடரியைக் கவ்வும். வீட்டைச் சுற்றித் திரியும் விஷமில்லாத பழுப்பு வீட்டுப் பாம்பிடம் இது பலிக்கும். இத்தனைக்கும் இரண்டுக்கும் இரை ஒன்றே, எலி!

மொசாம்பிக் துப்பும் நாகத்திடம் இந்த வித்தை செல்லாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் கண்ணில் விஷத்தைப் பீய்ச்சிவிடும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கருப்பு மாம்பா என்றால் பூனையாவது, நாயாவது? அதன் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடும். பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். அதுவரை பூனையை வீட்டுக்குள் பூட்டி வையுங்கள்.