பயமுறுத்தும் படம் போதுமா? காலநிலைப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எலும்பும் தோலுமான பனிக்கரடியைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். காலநிலை மாற்றச் செய்திகளுக்கு அந்தப் படம் வேண்டாம் என்கிறீர்களே, ஏன்?

இளகும், மறுக்கவில்லை. 2017 டிசம்பரில் நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்ட வீடியோவைப் பாருங்கள். கனடாவின் வடகோடியில், காலை இழுத்து இழுத்து நடந்து, துருப்பிடித்த குப்பைத் தொட்டியில் இரை தேடுகிறது ஒரு கரடி. ‘காலநிலை மாற்றம் என்றால் இதுதான்’ என்று வாசகம். ஆனால் அந்தக் கரடி நோயால் மெலிந்ததா, முதுமையாலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டோம் என்று 2018-ல் அந்த இதழே ஒப்புக்கொண்டது. கடல்பனி உருகுவது உண்மை. ஒரு வரி வாசகத்தால் அந்த உண்மைமேலேயே சந்தேகம் விழுந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

கேள்வி: பயம் வந்தால்தானே ஜனங்கள் அசைவார்கள்?

பயம் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். காலநிலைப் படங்களை ஆராயும் பிரிட்டன் ஆய்வாளர் சாஃப்ரன் ஓ’நீலும் சகாக்களும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பாதிப்புப் படங்கள் ‘இது பெரிய விஷயம்’ என்று நினைக்க வைத்தன. கூடவே ‘நான் ஒருத்தன் என்ன செய்துவிட முடியும்’ என்ற சோர்வும் வந்தது. மாற்று எரிசக்திப் படங்கள் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தைக் கொடுத்தன. அரசியல்வாதிகளின் முகமோ, இருந்த அக்கறையையும் குறைத்தது!

கேள்வி: வெப்ப அலைச் செய்திக்குக் கடற்கரையில் குழந்தைகள் விளையாடும் படம் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 2019-ல் ஐரோப்பா வெந்தபோது பல நாளிதழ்கள் அப்படித்தான் போட்டன. செய்தி ஆபத்து என்றது, படம் விடுமுறை என்றது. திரையை இழுத்துவிட்ட அறையில், கழுத்தில் ஈரத்துணியோடு மின்விசிறி முன் தனியாக உட்கார்ந்திருக்கும் முதியவரைக் காட்டுங்கள். வெப்பம் அதிகம் கொல்வது அவரைப் போன்றவர்களைத்தான்.

கேள்வி: வரைபடம் மனதைத் தொடுமா?

தொடும். பிரிட்டன் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-ல் உருவாக்கிய ‘வெப்பக் கோடுகள்’ படத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு கோடு; குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அதில் ஓர் எண்கூட இல்லை. நீலம் வெளுத்துச் சிவப்பாவதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி: வெள்ளத்தில் வீடிழந்து அழும் பெண்ணின் படம் கையில் இருக்கிறது. போடட்டுமா?

முதலில் அவரிடம் கேட்டீர்களா? சம்மதித்தால், என்ன இழந்தார் என்பதை அவர் வாய்மொழியாகவே கீழே எழுதுங்கள். அடுத்த வாரமும் போங்கள். சுவரில் காய்ந்த சேற்றை அவர் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.