பதிப்பு புதிது, பக்கெட் பழையது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஃபைல்களை ‘ஆப்ஜெக்ட்’ என்று, ‘பக்கெட்’ எனும் தொகுப்புகளில் வைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜை அப்கிரேடு செய்தோம். ‘ஏற்கெனவே உள்ள பக்கெட்டிலும் இனி ஆப்ஜெக்ட் லாக் (குறித்த நாள்வரை அழிக்க விடாத பூட்டு) போடலாம்’ என்று வெளியீட்டுக் குறிப்பில் இருந்தது. பேக்கப் பக்கெட்டில் 30 நாள் என்று வைத்தோம். சோதனைக்காக ஒரு பழைய ஃபைலை அழித்தால், அழிந்துவிட்டது! பூட்டு வேலை செய்யவில்லையா?

பதில்: செய்கிறது, பழைய ஃபைலுக்குத்தான் பூட்டு விழவில்லை. பக்கெட்டுக்கு நீங்கள் வைத்த 30 நாள், அதற்குப் பிறகு வந்து சேரும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு மட்டும் பொருந்தும். முன்பே இருந்தவற்றுக்கு ஒவ்வொரு வெர்ஷனாகப் பூட்டு முடியும் தேதி குறித்தாக வேண்டும். வெர்ஷன் பட்டியலை எடுத்து, ஒரு சிறிய ஸ்கிரிப்டில் ஓட்டிவிடுங்கள். வெர்ஷனிங் (ஒரே பெயரில் எழுதினாலும் பழைய வெர்ஷன்களை வைத்திருக்கும் வசதி) போடுவதற்கு முன் வந்த ஆப்ஜெக்ட்டுகளின் வெர்ஷன் ஐடி ‘நல்’ என்றுதான் இருக்கும். அதைப் பிழை என்று நினைத்து ஸ்கிரிப்ட் தாண்டிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதித்த முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெர்ஷன் ஐடி கொடுக்காமல் அழித்தால், பூட்டிய ஆப்ஜெக்ட்டும் ‘அழிந்தது’ போலத்தான் தெரியும். உண்மையில் அதன் மேல் ஒரு டிலீட் மார்க்கர் (‘அழிந்தது’ என்ற குறி மட்டும்) விழுந்திருக்கும்; அதை நீக்கினால் ஃபைல் பழையபடி வரும். எனவே வெர்ஷன் ஐடியோடு அழித்துப் பாருங்கள். அனுமதி மறுப்பு வந்தால்தான் பூட்டு விழுந்திருக்கிறது.

கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்ற இரண்டு முறைகளில் எது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கவர்னன்ஸில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டை மீறலாம். கம்ப்ளையன்ஸில் யாராலும் முடியாது. காலத்தை நீட்டலாம், குறைக்க வழியில்லை. 30 என்பதற்குப் பதில் 3000 என்று தட்டிவிட்டால் அந்த இடம் எட்டு ஆண்டுக்கு மேல் போனது போனதுதான். முதலில் தனியாக ஒரு சோதனை பக்கெட்டில் 1 நாள் வைத்துப் பாருங்கள். சொந்த சர்வரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: இந்தப் பூட்டு ஏபிஐ (நிரல்கள் ஸ்டோரேஜோடு பேசும் வழி) வழியாக வருபவர்களைத்தான் தடுக்கும். சர்வரின் ரூட் பாஸ்வேர்டு கையில் இருப்பவர் டிஸ்க்கையே ஃபார்மேட் செய்தால் அது என்ன செய்யும்? அந்தப் பாஸ்வேர்டும் பேக்கப் நிர்வாகியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

கேள்வி: ஸ்டோரேஜ் சர்வரில் கை வைக்கவே இல்லை. பைத்தான் நிரலின் லைப்ரரிகளைப் புதுப்பித்தோம், அவ்வளவுதான். சில பக்கெட்டுகளில் அப்லோடு தோற்கிறது. ஏன்?

பதில்: போட்டோ3 (boto3, அமேசானின் எஸ்3 ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜோடு பேசும் பைத்தான் லைப்ரரி) 1.36-க்குத் தாவியிருப்பீர்கள். 2025 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, நீங்கள் கேட்காமலே ஒவ்வொரு அப்லோடிலும் சிஆர்சி32 வகைச் செக்சம் (டேட்டா சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) சேர்கிறது. பல சமயம் அது டேட்டாவின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும். அமேசான் எஸ்3-க்கு இது புரியும். எஸ்3 ஏபிஐ பேசும் பழைய சர்வர்கள் சிலவற்றுக்குப் புரியாது.

‘ரெக்வெஸ்ட் செக்சம் கால்குலேஷன்’, ‘ரெஸ்பான்ஸ் செக்சம் வேலிடேஷன்’ என்ற இரண்டு அமைப்புகளையும் ‘வென் ரிக்வயர்டு’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் பல ஆப்ஜெக்ட்டுகளை ஒரே அழைப்பில் அழிக்கும்போது செக்சம் கட்டாயம். அங்கே பழைய சர்வர் கன்டென்ட் எம்டி5 என்ற வேறு வகைச் செக்சம் கேட்கும், புதிய லைப்ரரி சிஆர்சி32 அனுப்பும். அப்லோடு சரியாகி அழித்தல் மட்டும் தோற்றால் காரணம் இதுதான். சர்வரை அப்கிரேடு செய்யும்வரை லைப்ரரியை 1.35-இலேயே நிறுத்திவையுங்கள்.

பிழை வந்தவை பிரச்சினை இல்லை, மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். பிழையே வராமல், செக்சம் வரிகளும் சேர்ந்து ஃபைலுக்குள் பதிவாகியிருந்தால்தான் ஆபத்து. மூல ஃபைலின் பைட் அளவையும் சர்வரில் உள்ள அளவையும் ஒப்பிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கேள்வி: செஃப் (பல சர்வர்களை ஒரே ஸ்டோரேஜாக இணைக்கும் மென்பொருள்) கிளஸ்டரில் எரேஷர் கோடிங் 4+2 (4 டேட்டா துண்டு, இழந்ததை மீட்க 2 கூடுதல் துண்டு) இருக்கிறது. 8+3-க்கு மாறினால் இடம் மிச்சமாகுமாமே?

பதில்: பெரிய ஃபைல்களுக்கு ஆகும். 100 டிபி டேட்டாவுக்கு 4+2-இல் 150 டிபி டிஸ்க் வேண்டும், 8+3-இல் 137.5 போதும். பொடி ஃபைல்கள் என்றால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது 4 கேபி ஒதுக்கப்படும் வழக்கமான அமைப்பில், வெறும் 4 கேபி ஆப்ஜெக்ட் 4+2-இல் 24 கேபியும் 8+3-இல் 44 கேபியும் பிடிக்கும். மூன்று பிரதி வைத்தால் 12 கேபிதான். ஆகவே முதலில் ஆப்ஜெக்ட்டுகளின் அளவு வாரியாகப் பட்டியல் எடுங்கள், சராசரியை நம்பாதீர்கள்.

இருக்கும் பூலில் (டேட்டா வைக்கும் பிரிவில்) 4+2 என்பதை மாற்றவும் முடியாது. 8+3 பூல் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதைத் தனி ஸ்டோரேஜ் கிளாஸாகச் (சேமிப்பு வகையாகச்) சேர்த்து, லைஃப்சைக்கிள் விதி (குறித்த நாளானதும் ஆப்ஜெக்ட்டைத் தானாக நகர்த்தும் அல்லது நீக்கும் விதி) வழியாகப் பழையவற்றை அங்கே நகர்த்த வேண்டும். நகரும் காலம் முழுவதும் இரண்டு பக்கமும் இடம் தேவை. ஹோஸ்ட் அளவில் (ஒவ்வொரு துண்டும் தனி சர்வரில்) பாதுகாப்பு வேண்டுமென்றால் 11 சர்வர் வேண்டும், 12 இருந்தால் நல்லது. பதினொன்றில் ஒன்று போனால், இழந்த துண்டைத் திரும்பக் கட்ட வேறு சர்வர் இருக்காது. 8 சர்வரே வைத்திருப்பவர்கள் 4+2-ஐ விட்டு நகர வேண்டாம்.

கேள்வி: ஃபைல் பட்டியலைக் கூட்டினால் வரும் அளவைவிடப் பக்கெட் அதிக இடம் பிடிக்கிறதே?

பதில்: பாதியில் நின்ற மல்ட்டிபார்ட் அப்லோடுகளாக (பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக ஏற்றுவது) இருக்கலாம். அவற்றின் துண்டுகள் சாதாரணப் பட்டியலில் வராது. ‘7 நாளில் முடியாத அப்லோடைக் கைவிடு’ என்று ஒரு லைஃப்சைக்கிள் விதி போடுங்கள். இந்த விதி பழையவற்றையும் துடைத்துவிடும். வெர்ஷனிங் இருந்தால் பழைய வெர்ஷன்களையும் பாருங்கள்.

கேள்வி: ‘நிபந்தனையோடு எழுதுதல்’ எதற்கு?

பதில்: ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் எழுத வந்தால், பின்னால் வந்தது முன்னதை மிதிக்காமல் இருக்க. அமேசான் எஸ்3-இல் 2024 ஆகஸ்டில் வந்தது. ‘இஃப் நன் மேட்ச்’ ஹெடரில் (கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரியில்) நட்சத்திரக் குறி வைத்து அனுப்பினால், அந்தப் பெயரில் ஆப்ஜெக்ட் இருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) பிழை திரும்பும். ஹெடரை அறியாத பழைய சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் எழுதிவிடலாம். ஒரே பெயரில் இருமுறை எழுதி, இரண்டாவதற்கு 412 வருகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். நெட்வொர்க் துண்டித்து லைப்ரரி தானாக மறுமுறை அனுப்பும்போது, உங்கள் முதல் முயற்சியே வெற்றி பெற்றிருந்தாலும் 412 வரும். அப்போது தோல்வி என்று முடிவு கட்டாமல், ஹெட் அழைப்பில் (ஃபைலை இறக்காமல் விவரம் மட்டும் கேட்பது) ஈடேக்கை (ஆப்ஜெக்ட்டின் உள்ளடக்கத்துக்கான அடையாளக் குறியை) எடுத்து உங்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.